மறுக்கும் மீன்

தூண்டில்காரர் என்றதும் நம் மனக்கண்ணில் ஓர் உருவம் தோன்றும். குளக்கரையில் அசையாமல் அமர்ந்து, மிதக்கும் தக்கையின்மேல் கண்வைத்துக் காத்திருக்கும் மனிதரின் உருவம் அது. பொறுமைக்கு அவரையே எடுத்துக்காட்டாகச் சொல்வோம். ஆனால், காத்திருப்பதால் மட்டும் அகப்படாத மீன்களும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று, அமெரிக்க ஏரிகளில் வாழும் பெருவாய்ப் பாஸ். அதனைப் பிடிக்க விரும்புபவர் நாள் முழுவதும் தம் செயலை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இரையை மாற்றவேண்டும், அது இறங்கும் ஆழத்தை மாற்றவேண்டும், அதனை இழுக்கும் வேகத்தை மாற்றவேண்டும். எதனை, எப்போது, எந்த வரிசையில் மாற்றுவது என்பதில்தான் அக்கலை அடங்கியிருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் நான் பணிபுரிந்த ஆண்டுகளில், பார்வையை இழந்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம் அதனைக் கற்றேன்.

ஏரியும் மீனும்

டாலஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 மைல் தொலைவில் லேக் ஃபோர்க் என்னும் நீர்த்தேக்கம் உள்ளது. சபைன் ஆற்றில் கலக்கும் ஓடை ஒன்றின் குறுக்கே எழுப்பப்பட்ட அணையால் 1980-இல் உருவானது அது. பரப்பு ஏறத்தாழ 27,000 ஏக்கர். நீர் நிரம்பும் முன்பு, அப்பள்ளத்தாக்கில் நின்ற மரங்களுள் பலவற்றை வெட்டாமல் விட்டுவிட்டனர். பட்டுப்போன அம்மரங்கள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. சிலவற்றின் உச்சி மட்டும் நீர்மட்டத்துக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். நீருக்கடியில் நிற்கும் அந்தக் காடுதான் பாஸ் மீன்களின் வீடு. டெக்சாஸ் மாநிலத்தில் பிடிபட்ட பாஸ் மீன்களிலேயே பெரியது, 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் கிடைத்தது. அதன் எடை 18.18 பவுண்டு, அஃதாவது எட்டுக் கிலோவுக்கும் சற்று மிகுதி.

பாஸ் தன் இரையைத் துரத்திச் சென்று கடிப்பதைவிட, மறைந்திருந்து கவ்வுவதையே பெரிதும் விரும்பும். இரை நெருங்கியதும் தன் அகன்ற வாயைச் சட்டெனத் திறக்கும். திறந்த வாய்க்குள் நீர் பாயும்; அந்நீரோடு இரையும் உள்ளே இழுபடும். உள்ளே வந்தது உணவன்று எனத் தெரிந்தால் அதே வேகத்தில் உமிழ்ந்துவிடும். இவையெல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும். மேலே படகில் இருப்பவர் அறியாமலேயே தூண்டில் முள் மீனின் வாய்க்குள் சென்று திரும்பியிருக்கும்.

மறுப்புக்குப் பிறந்த விடைகள்

பாஸ் மீனுக்கு வீசப்படுவது பெரும்பாலும் போலி இரையே. போலி இரைகளின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொன்றும் மீனைக் கூர்ந்து நோக்கியதன் பயனாகப் பிறந்திருப்பது விளங்கும். பின்லாந்து நாட்டு மீனவர் லாரி ராப்பலா, பெரிய மீன்கள் சிறுமீன் கூட்டத்துக்குள் புகுந்து வேட்டையாடுவதைக் கவனித்துவந்தார். நூறு சிறுமீன்கள் நேராக நீந்த, ஒன்று மட்டும் காயம்பட்டுத் தள்ளாடினால், பெரிய மீன் அந்த ஒன்றையே தேடிக் கவ்வியது. 1936-இல் அவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த பளபளக்கும் தாளை அதன்மேல் ஒட்டி, நிழற்படச் சுருளை உருக்கிப் பூசி ஒரு போலி மீனைச் செய்தார். அதற்கு அவர் கொடுத்த சிறப்பு, அழகன்று; தள்ளாட்டம்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வாழ்ந்த நிக் கிரீம், 1949-இல் தம் வீட்டுச் சமையலறை அடுப்பில் நெகிழியைக் காய்ச்சி வார்த்து மென்மையான புழுவை உருவாக்கினார். மரத்தாலும் உலோகத்தாலும் ஆன இரைகளை மீன் கவ்விய உடனே உமிழ்ந்துவிடும். நெகிழிப் புழுவோ வாய்க்குள் உயிருள்ளதுபோல் வளைந்தது. ஆகவே மீன் அதனைச் சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருந்தது. அந்தச் சிறு கால அளவுதான் தூண்டில்காரருக்குக் கிடைத்த வாய்ப்பு. கிரீம் பின்னாளில் தம் தொழிலை லேக் ஃபோர்க் ஏரிக்குத் தெற்கே உள்ள டைலர் நகருக்குக் கொண்டுவந்தார்.

அண்டை வீட்டுப் பெரியவர்

எனக்குக் கற்பித்தவர் என் அண்டை வீட்டுக்காரர். கடைசல் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். அந்த ஊர் வழக்கப்படி நான் அவரை ‘சார்’ என்பேன். அவர் என்னை ‘மகனே’ என்பார். எழுபது வயதைக் கடந்திருந்த அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயத் தொடங்கியிருந்தது. ஓரங்களில் இருப்பவை தெரியும்; நேரே நோக்கும் பொருள் மட்டும் மங்கிவிடும். மகிழுந்து ஓட்டக்கூடாதென மருத்துவர் சொல்லிவிட்ட வாரத்தில், வேலியருகே நின்று என்னை அழைத்தார்.

“மகனே, வண்டியையும் படகையும் நீ ஓட்டு. மீன் பிடிக்க நான் கற்றுத் தருகிறேன்” என்றார்.

அவர் பேச்சு உதவி கேட்பதுபோல் இல்லை. இருவருக்கும் பொருந்தும் ஓர் உடன்பாட்டைப் பேசி முடிப்பதுபோல் இருந்தது. ஆனால், அவர் இழந்துகொண்டிருந்தது எத்தகையது என்பதை ஏரிக்குச் சென்ற பிறகுதான் அறிந்தேன். மெதுவாக மூழ்கும் இரையை மீன் கவ்வினால் கைக்கு எதுவும் தெரியாது. நீர்மேல் கிடக்கும் நரம்பில் ஒரு சிறு துடிப்பு மட்டும் தோன்றி மறையும். அதனைக் காண்பதற்குக் கண் வேண்டும். அறுபது ஆண்டுகள் அந்தத் துடிப்பைப் பார்த்தே மீன் பிடித்தவர் அவர்.

வடகாற்று வீசிய மறுநாள்

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசியது. வானம் மூட்டமாக இருந்தது. கரையோரத்து ஆழமற்ற நீரில், சுழலும் தகடு பொருத்திய இரையை வீசி விரைவாக இழுத்தோம். நண்பகலுக்குள் பதினொரு மீன்கள் கவ்வின.

அன்றிரவு வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. டெக்சாஸ் மக்கள் அதனை ‘நார்தர்’ என்பர். சில மணி நேரத்தில் கோடையைக் குளிர்காலமாக்கிவிடும் காற்று அது. ஞாயிறு காலையில் வானம் மேகமே இன்றி ஒளிர்ந்தது. முந்தைய நாள் மீன்கள் பாய்ந்து கவ்விய அதே இடத்தில், அதே இரையை, அதே வேகத்தில் ஒரு மணி நேரம் வீசினோம். நீர் சிறிதும் அசையவில்லை.

சற்றுத் தொலைவில் ஒரு படகில் இருவர் இருந்தனர். அவர்கள் நிமிடத்துக்கொரு முறை பெட்டியைத் திறந்து இரையை மாற்றினர். சிவப்புப் போய்ப் பச்சை வந்தது. பச்சை போய் வெள்ளை வந்தது. பெட்டி திறந்து மூடும் ஓசையைக் கேட்ட பெரியவர் புன்னகைத்தார்.

“அவர்கள் பெட்டியைத்தான் மாற்றுகிறார்கள், மகனே, கையை மாற்றவில்லை” என்றார்.

மீன் குளிர் இரத்த விலங்கு. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும், செரிமானம் தளரும், அசைவு குறையும். நேற்றுப் பத்தடி பாய்ந்து கவ்விய மீன், இன்று இரண்டடி நகர்வதற்கும் விரும்பாது. மேகமற்ற ஒளியில் அது மரத்தின் நிழலை ஒட்டியே கிடக்கும். அந்த மீனிடம் எத்தனை நிறங்களைக் காட்டினாலும், இரை அதனைக் கடந்து விரைந்து போகும் வரையில் பயனில்லை.

மறுப்பின் வகைகள்

மீன் மறுக்கும் விதங்களைப் பெரியவர் மூன்றாகப் பகுத்துச் சொன்னார். இரையை வீசியும் எந்த அறிகுறியும் இல்லையென்றால், மீன் அங்கே இல்லை. அல்லது இரை அதன் ஆழத்துக்குச் செல்லவில்லை. மீன் பின்தொடர்ந்து வந்து திரும்பிவிட்டால், இடமும் ஆழமும் சரி. வேகமோ அளவோ பொருந்தவில்லை. மீன் தொட்டுவிட்டு விலகினால் எல்லாம் ஏறக்குறைய சரி. இரை சற்றுப் பெரிதாக இருக்கலாம், அல்லது வாய்க்குள் அது மீனுக்கு ஐயத்தை உண்டாக்கியிருக்கலாம்.

ஆகவே மாற்றங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆழம், அடுத்து வேகம், பிறகு அளவு, கடைசியில் நிறம். வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த பக் பெர்ரி என்பவரும் கடந்த நூற்றாண்டில் ஆழமும் வேகமுமே முதன்மையானவை என்று வலியுறுத்தி, அதற்கேற்ற உலோக இரைகளை வடிவமைத்தார். நிறம் கடைசியில் நிற்பதற்கும் காரணம் உண்டு. பாஸ் மீன் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும். கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்தறிவது அதற்குக் கடினம் என ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். கறுப்புப் புழுவை எடுத்துவிட்டு நீலப் புழுவைக் கோப்பவர் தாம் ஒரு மாற்றம் செய்ததாக எண்ணுகிறார். மீனின் கண்ணுக்கோ எதுவும் மாறவில்லை.

பெரியவர் வலியுறுத்திய மற்றொரு விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஆழத்தையும் அளவையும் நிறத்தையும் ஒருசேர மாற்றிய பின் மீன் கிடைத்தால், எதனால் கிடைத்தது என்பது தெரியாமல் போய்விடும். அந்த மீன் நமக்கு உணவாகலாம், பாடமாகாது.

விரல் நுனியில் ஒரு கண்

நாங்கள் கரையோரத்தை விட்டு, நீரில் மூழ்கிய பழைய ஓடையின் விளிம்புக்குப் படகைக் கொண்டுசென்றோம். அங்கே ஆழம் பதினைந்தடி இருந்தது. அதே தகடு இரையை அடிவரை இறக்கி இழுத்தோம். எந்த அறிகுறியும் இல்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம். நான்காம் முறை இரை படகருகே எழுந்து வந்தபோது, அதன்பின்னே ஒரு நிழல் தோன்றியது. ஒரு கணம் நின்றது. பிறகு ஆழத்துக்குத் திரும்பியது. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. நான் கண்டதைச் சொன்னதும் பெரியவரின் முகம் மலர்ந்தது.

“பேசத் தொடங்கிவிட்டது” என்றார்.

அதன்பின் அளவை மாற்றினார். தகடு இரையைக் கழற்றிவிட்டு, விரல் நீளமுள்ள கறுப்பு நெகிழிப் புழுவை எடுத்தார். ஈயக்குண்டு சேர்க்கவில்லை. புழுவின் தலையில் முள்ளைக் கோக்காமல் நடுவயிற்றில் கோத்தார். அவ்வாறு கோத்த புழு நீரில் விழுந்ததும், இரு முனைகளும் மெல்ல நடுங்க, உதிர்ந்த இலைபோல இறங்கும். அதனை இழுக்கவே தேவையில்லை.

“இனி உன் கண்தான் என் கண். நரம்பு துடித்தால் சொல்” என்றார்.

அவர் வீசினார், நான் பார்த்தேன். நரம்பில் ஒரு துடிப்பு எழுந்தது. “அசைந்தது” என்றேன். அவர் கோலை உயர்த்தினார். முள் வெறுமையாக வந்தது. மறுமுறையும் அவ்வாறே நிகழ்ந்தது. என் கண் கண்டது சொல்லாகி, அச்சொல் அவர் செவியை எட்டி, அவர் கை எழுவதற்குள் மீன் உமிழ்ந்துவிட்டிருந்தது. இருவர் ஒரு கண்ணைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு நொடியைப் பகிர்ந்துகொள்ள இயலாது.

பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தூண்டில் கோலை என்னிடம் தந்துவிடுவார் என எண்ணினேன். அவரோ ரீலுக்கு முன்னால் ஓடிய நரம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் எடுத்துக்கொண்டார், கண்களை மூடிக்கொண்டார். கடைசல் பிடித்த இரும்பின் மேல் விரலை ஓட்டி, மயிரிழை அளவு மேடுபள்ளத்தையும் கண்டுபிடித்த விரல்கள் அவை.

ஆனால் அதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. விரலுக்குத் தெரியவேண்டுமென நரம்பை இறுக்கிப் பிடித்தால், மீன் உறிஞ்சும்போது இரை உள்ளே செல்லாது. மீன் ஐயுற்று விலகும். நரம்பைத் தளரவிட்டால் இரை இயல்பாக இறங்கும். ஆனால் விரலுக்குச் செய்தி வராது. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கவேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர் அந்த இடத்தைத் தேடினார். ஒவ்வொரு முறையும் நரம்பை மயிரளவு இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தார். மீனுக்காக இரையை மாற்றிய அதே ஒழுங்கோடு தம் கையையும் மாற்றிக்கொண்டிருந்தார்.

நான் எந்தத் துடிப்பையும் காணாத ஒரு கணத்தில் அவர் கோலை உயர்த்தினார். கோல் வளைந்தது.

படகருகே வந்த மீனின் கீழுதட்டைப் பெருவிரலால் பற்றித் தூக்கினார். அளந்து சொல்லுமாறு கேட்டார். இருபது அங்குலம் இருந்தது. அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீனை வைத்துக்கொள்ள விதி இடந்தருவதில்லை. வளர்ந்து இனம்பெருக்கும் பருவத்து மீன்கள் ஏரியிலேயே இருக்கவேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட விதி அது. அவர் மீனை நீருக்குள் தாழ்த்திப் பிடித்தார். அது செவுளை விரித்து மூச்சுவாங்கி, வாலை ஒருமுறை வீசி, இருளுக்குள் இறங்கியது.

அன்று வேறு மீன் கிடைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அவர் அந்த ஒரு மீனைப் பற்றியே பேசிவந்தார். முந்தைய நாளின் பதினொன்றைப் பற்றிப் பேசவே இல்லை.

பிடிபடாதவற்றின் வழித்தோன்றல்கள்

பாஸ் மீன் ஏன் இத்தனை மறுக்கிறது? தட்பவெப்பம் ஒரு காரணம். மனிதர் மற்றொரு காரணம். இலினாய் மாநிலத்து அறிவியலாளர்கள் ரிட்ஜ் லேக் என்னும் சிறிய ஏரியில் நெடுங்காலம் ஓர் ஆய்வை நடத்தினர். பிடிபட்ட ஒவ்வொரு பாஸ் மீனுக்கும் அடையாளமிட்டு, கணக்கெழுதி, மீண்டும் நீரில் விட்டனர். சில மீன்கள் மீண்டும் மீண்டும் பிடிபட்டன. சில ஒருமுறையும் பிடிபடவில்லை. எளிதில் பிடிபட்டவற்றையும் பிடிபடாதவற்றையும் தனித்தனியே இனம்பெருக்கினர். தலைமுறைதோறும் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு கூடியது. தூண்டிலை மறுக்கும் இயல்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்பதை 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் தெரிவித்தனர்.

அதனைத் தொடர்ந்த ஆய்வுகள் மேலும் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தன. பாஸ் மீனினத்தில் முட்டைகளைக் காப்பது ஆண்மீனின் கடமை. கூட்டை நெருங்கும் எதனையும் அது பாய்ந்து விரட்டும். எளிதில் தூண்டிலில் அகப்படும் வழியில் வந்த ஆண்மீன்களே, தம் கூட்டை மிகுந்த ஊக்கத்தோடு காப்பவையாகவும் இருந்தன. தந்தையைச் சில நிமிடங்கள் தூக்கிவிட்டாலும், காத்திருக்கும் சிறுமீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளை உண்டுவிடும்.

பெரியவர் இந்த ஆய்வுகளைப் படித்தவர் அல்லர். ஆயினும் இளவேனிலில் கரையோர மணலில் வட்டமான கூடுகள் தென்பட்டதாக நான் சொன்னால், படகைத் திருப்பச் சொல்வார். அங்கே எதனை வீசினாலும் மீன் கவ்வும் என்பது அவருக்குத் தெரியும். “அது பசியால் கவ்வுவதன்று, மகனே” என்பார்.

மறுக்கும் மீனைப் பிடிவாதமுள்ளது என்று சொல்வது எளிது. உண்மையில் அது, பல தலைமுறைகளாக நம் தூண்டில்கள் கற்பித்த பாடத்தை மறவாமல் வைத்திருக்கிறது. அதன் மறுப்பில் நம் கையின் சுவடும் உண்டு. அதனை உணர்ந்தவர் மீன்மேல் சினங்கொள்ளார். அடுத்து எதனை மாற்றலாம் என்று எண்ணத் தொடங்குவார்.

குறிப்பேடு

ஏரிக்குச் சென்ற ஒவ்வொரு நாளையும் பெரியவர் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவந்தார். ஆழம், வேகம், அளவு, நிறம் எனக் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, ‘மீன் சொன்னது’. முன்பக்கங்களில் எழுத்துகள் பொடியாகவும் நெருக்கமாகவும் இருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை பெரிதாகி, ஒரு பக்கத்துக்கு நான்கு வரிகள் என்றாயின. இறுதிப் பக்கங்கள் என் கையெழுத்தில் உள்ளன. அவர் சொல்ல, நான் எழுதினேன்.

மார்ச் மாதத்து ஞாயிறுக்குரிய பக்கத்தில், ஆழம் பதினைந்தடி எனவும், அளவு விரல் நீளம் எனவும், நிறம் கறுப்பு எனவும் எழுதினேன். வேகம் என்னும் கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னார். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது எனக் கேட்டேன். அவர் சுட்டுவிரலைப் பெருவிரலோடு சேர்த்து, இல்லாத ஒரு நரம்பை உணர்வதுபோல் சிறிது நேரம் வைத்திருந்தார்.

“‘மெதுவாக’ என்று எழுது” என்றார்.